சந்தேகம் யார் பக்கம்? குற்ற வழக்கு, இளையர் வழக்கு, நிரூபணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டு நின்றவன் நான். வழக்கறிஞன் இல்லை. ஆனாலும் தேக்காவில் ஒரு தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பக்கத்து மேசையிலிருந்து யாராவது "அண்ணே, தம்பி மேல ஒரு கேஸ்..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் மேலோ உங்கள் பிள்ளை மேலோ வழக்கே இருந்தால் இதைப் படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள், வழக்கறிஞரைப் பாருங்கள். கையில் காசு இல்லாதவருக்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

குற்ற வழக்கில் அரசுத் தரப்பு எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும்?

நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு. கடையில் சாக்லேட் எடுத்த வழக்கானாலும் கொலை வழக்கானாலும் இதே அளவுதான். பெரிய குற்றத்துக்குப் பெரிய நிரூபணம் என்று தனியாக எதுவும் இல்லை.

இந்த விதிக்கு எல்லோரும் காட்டும் தீர்ப்பு 1935ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் வந்தது. அன்று அதுதான் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமும். 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி ஒருவர், பிரிந்துபோன மனைவியைப் பார்க்கத் துப்பாக்கியோடு போகிறார். துப்பாக்கி வெடித்து அந்தப் பெண் இறந்துபோகிறாள். "தவறுதலாக வெடித்துவிட்டது" என்கிறார் அவர். "தவறுதலாக வெடித்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்" என்று விசாரணை நீதிபதி ஜூரியிடம், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்த பொதுமக்கள் குழுவிடம், சொல்ல, தூக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, வேண்டுமென்றே சுட்டார் என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்றது. குற்றவியல் சட்டம் முழுவதும் ஓடும் பொன்னிழை என்று அதை வர்ணித்தார் தீர்ப்பை எழுதிய சேங்கி (Sankey) பிரபு. சிங்கப்பூர் நீதிமன்றங்களும் அதே இழையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தமிழே உண்டாக்குகிறது. "எனக்கு அவன் மேல சந்தேகம்" என்கிறோம். "அவன் சொல்றதுல எனக்குச் சந்தேகம்" என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவை இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. நமக்கு இருப்பது ஒரே சொல். முதல் சந்தேகம் ஆளின் மேல் விழுவது, அது அவருக்கு எதிராகப் போகும். இரண்டாவது சந்தேகம் அரசுத் தரப்பு சொல்லும் கதையின் மேல் விழுவது, அது அவருக்குச் சாதகம். நீதிமன்றத்தில் "சந்தேகம்" என்ற சொல் காதில் விழுந்தால் அது இரண்டாவது வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் மேல் எத்தனை சந்தேகம் குவிந்தாலும் அதை வைத்து மட்டும் தண்டனை கொடுக்க முடியாது.

எந்தச் சந்தேகமாக இருந்தாலும் விடுதலைதானா?

இல்லை. "நியாயமான" என்று முன்னால் ஒரு சொல் இருக்கிறதே. 1947ல் டென்னிங் என்ற ஆங்கிலேய நீதிபதி இதை விளக்கினார். நிழலளவு சந்தேகம்கூட இருக்கக் கூடாது என்று சட்டம் கேட்கவில்லை. "நடந்திருக்கலாம்தான், ஆனால் துளியும் நம்பும்படி இல்லை" என்று ஒதுக்கிவிடக்கூடிய சந்தேகம் யாரையும் காப்பாற்றாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஓர் உதாரணம். தொழிலாளர் விடுதி அறையில் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். காணாமல் போன கைப்பேசி ஒருவருடைய லாக்கரில் கிடைக்கிறது. லாக்கருக்குப் பூட்டில்லை, அறையில் எல்லோருக்கும் அது தெரியும், போன வாரம்தான் அவருக்கும் இன்னொருவருக்கும் கைகலப்பு. வேறு யாராவது வைத்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இங்கே காரணம் இருக்கிறது, காரணத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. அதே லாக்கருக்குப் பூட்டு இருந்து, சாவி அவர் இடுப்பில் இருந்து, கைப்பேசியிலிருந்து அவரே ஊருக்கு அழைத்துப் பேசியிருந்தால்? "யாரோ வைத்துவிட்டார்கள்" என்பது வெறும் பேச்சாகிவிடும்.

2020ல் சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. சில சமயம் அரசுத் தரப்பின் சாட்சியத்துக்குள்ளேயே ஓட்டை இருக்கும். அப்போது தற்காப்புத் தரப்பு வாயே திறக்காவிட்டாலும் வழக்கு விழும். சில சமயம் அரசுத் தரப்பு சொல்வது தன்னளவில் சரியாக இருக்கும், இரண்டு பக்கத்துச் சாட்சியத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சந்தேகம் எழும்.

சதவீதக் கணக்கில் எவ்வளவு? 95 இருந்தால் போதுமா?

கணக்கெல்லாம் கிடையாது. சிவில் வழக்குக்கு மட்டும் ஓரளவு சொல்லலாம்: தராசில் ஒரு தட்டு கொஞ்சம் தாழ்ந்தாலே போதும். குற்ற வழக்குக்கு யாராவது எண் சொன்னால் அது அவருடைய சொந்த எண்.

ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியுமா?

முடியும். இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு எந்த வழக்குக்கும் இல்லை என்று சாட்சியச் சட்டத்தின் 136ஆவது பிரிவே சொல்கிறது. அந்தச் சட்டம் 1893ல் இங்கே வந்தது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியதால் ஊரில் சட்டம் படித்தவர்களுக்குப் பல பிரிவுகள் பழகியதுபோலவே இருக்கும்.

ஆனால் ஒரே சாட்சி என்றால் நீதிமன்றம் சும்மா ஏற்றுக்கொள்ளாது. குறிப்பாகப் பாலியல் குற்ற வழக்குகளில் புகார் சொன்னவரின் வாக்கைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால், அந்தச் சாட்சியம் வழக்கத்தைவிடக் கூடுதலாக நம்பவைப்பதாக இருக்க வேண்டும். முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கிறதா, வெளியே தெரிந்த விவரங்களோடு பொருந்துகிறதா, பேசிய விதம் எப்படி என்றெல்லாம் பார்ப்பார்கள். இது தனியொரு நிரூபண அளவு இல்லை, அதே அளவை எட்டிவிட்டோமா என்று பார்க்க உதவும் ஒரு வழி என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. கோவலன் வழக்கிலும் ஒரே சாட்சிதான், அந்தப் பொற்கொல்லன்தான் திருடன். பாண்டியன் அவனை ஒரு குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது.

யாருமே பார்க்கவில்லை, பொருளும் கிடைக்கவில்லை. வழக்கு நிற்குமா?

நிற்கலாம். சூழ்நிலைச் சாட்சியம் மட்டமானது என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் அதற்குப் பதிலாகச் சொல்லப்படுவது சன்னி ஆங் வழக்கு. 1963 ஆகஸ்டில் சிஸ்டர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் அவருடைய காதலி முக்குளிக்க இறங்கினார், மேலே வரவே இல்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் பெண்ணின் பேரில் பெருந்தொகைக் காப்புறுதிகள் இருந்தன. பிறகு கிடைத்த துடுப்புக் காலணியின் பட்டை அறுக்கப்பட்டிருந்தது. தேடுவதில் அவர் காட்டிய அக்கறையின்மையும் பேசப்பட்டது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு 1965ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, 1967ல் தூக்கிலிடப்பட்டார். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சமாதானம் சொல்ல முடியவில்லை.

இப்போதும் ஜூரி உண்டா?

இல்லை. 1969ல் சட்டம் திருத்தப்பட்டு அந்த முறை போய்விட்டது. பிரபல குற்றவியல் வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் கடைசிவரை எதிர்த்துப் பார்த்தார். இன்று நீதிபதிதான் எல்லாம். இதில் ஒரு நன்மை, தீர்ப்புக்கு அவர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் எழுத்தில் வரும்போது, சந்தேகம் எங்கே எழுந்தது, ஏன் எழவில்லை என்பதை நாமே படித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டாம், சரிதானே?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பொன்னிழை உண்மைதான், ஆனால் சில சட்டங்கள் அதை ஆங்காங்கே முடிச்சுப்போட்டு வைத்திருக்கின்றன. சில விவரங்களை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால் போதும், மீதியைச் சட்டமே அனுமானித்துக்கொள்ளும். "அப்படி இல்லை" என்று காட்டும் சுமை உங்கள் தோளுக்கு வந்துவிடும்.

பெரிய உதாரணம் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம். 2 கிராமுக்கு மேல் டயமார்ஃபின், அதாவது ஹெராயினின் சுத்தமான சத்து, அல்லது 15 கிராமுக்கு மேல் கஞ்சா, அல்லது 25 கிராமுக்கு மேல் மெத்தாம்ஃபெட்டமின் வைத்திருந்தது நிரூபிக்கப்பட்டால், அது கடத்துவதற்காகத்தான் என்று 17ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். 18ஆவது பிரிவு இன்னும் நெருங்கி வரும். போதைப்பொருள் இருந்த பை உங்கள் கையில் இருந்தால், அல்லது அது இருந்த வீட்டின், வண்டியின் சாவி உங்களிடம் இருந்தால், போதைப்பொருளே உங்கள் வசம் இருந்ததாகவும் அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றும் அனுமானம். "நண்பன் ஜோகூரிலிருந்து ஒரு பார்சல் கொடுத்தான், உள்ளே என்னவென்று தெரியாது" என்பவர், தெரியாது என்பதைத் தெரியும் என்பதைவிட நம்பத்தக்கதாகக் காட்ட வேண்டும். அதாவது சிவில் வழக்கின் தராசு அளவுக்கு. 15 கிராமுக்கு மேல் டயமார்ஃபின் கடத்தினால் மரண தண்டனை வரை போகும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இப்படி அனுமானிப்பது அரசியலமைப்புக்கு முரணா என்று 1980லேயே, அப்போது நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்ப் பார்த்தார்கள், செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 17ஐயும் 18ஐயும் ஒரே வழக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல் சொன்னது. ஆகவே அரசுத் தரப்பு எந்த அனுமானத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை வழக்கறிஞரிடம் முதல் நாளே கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மது அருந்தி வண்டி ஓட்டிய வழக்கில், சோதித்தபோது மூச்சில் இருந்த அளவுக்குக் குறையாமல் ஓட்டும்போதும் இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் (வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம்). வண்டியை யார் ஓட்டினார் என்று போக்குவரத்துப் போலீஸ் கேட்டு உரிமையாளர் பதில் சொல்லாவிட்டால் அவரே ஓட்டியதாக அனுமானம். தம்பி ஓட்டினான் என்று தெரிந்தும் கடிதத்தைப் பரண்மேல் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசு ஊழியர் கையூட்டு வழக்கிலும் ஓர் அனுமானம் உண்டு. அப்புறம், தற்காப்புக்காக அடித்தேன், மனநிலை சரியில்லாமல் செய்தேன் போன்ற பொது விதிவிலக்குகளைச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 107ஆவது பிரிவு அது. இவை எல்லாவற்றிலும் உங்கள் மேல் விழும் சுமை இலேசானது: தட்டு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும்.

போலீஸ் நிலையத்தில் பேசாமல் இருந்துவிட்டால் நல்லதா?

நிரூபணம் கோர்ட்டில் தொடங்குகிறது என்று நினைப்போம். என் அனுபவத்தில் பாதி வழக்குகள் வாக்குமூலம் எழுதும் மேசையிலேயே முடிந்துவிடுகின்றன.

உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதைப் போலீஸ் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும் கட்டம் வேறு. அப்போது ஓர் எச்சரிக்கை வாசிப்பார்கள்: உங்கள் தற்காப்புக்கான விவரத்தை இப்போது சொல்லாமல் பிறகு கோர்ட்டில் சொன்னால் நீதிபதி நம்புவது குறையலாம் என்று. அது வெறும் மிரட்டல் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. பயத்தில் ஊமையாக உட்கார்ந்துவிட்டு ஓர் ஆண்டு கழித்து "அன்று நான் ஊட்ரமில் இருந்தேன்" என்றால், ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், திருத்தம் இருந்தால் செய்துவிட்டுத்தான் கையெழுத்து. "சரி சரி, போட்டுத்தர்றேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய வாக்குமூலம் செல்லாது. அப்படி வாங்கவில்லை என்பதையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால், அந்த ஒரு தாளை வைத்தே தண்டிக்கவும் முடியும்.

மொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020ன் வழக்கு ஒன்று. முதலாளி வீட்டில் சுமார் 34,000 வெள்ளி மதிப்புள்ள பொருள்களைத் திருடியதாக இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவருக்கு 2019ல் 26 மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நீதிபதி சான் செங் ஒன் அவரை விடுவித்தார். புகார் கொடுத்து ஐந்து வாரத்துக்கு அப்புறம்தான் போலீஸ் வீட்டுக்குப் போனது. அதுவரை பெட்டிகள் புகார் சொன்னவர்கள் கையில். ஆக, எது எந்தப் பெட்டியில் இருந்தது என்ற சங்கிலி அறுந்துபோனது. வேலையை விட்டு நிறுத்தப்பட்டதற்கும் புகாருக்கும் பின்னால் வேறு நோக்கம் இருந்திருக்கலாம் என்பதையும் அரசுத் தரப்பால் போக்க முடியவில்லை. அவர் பேசுவது இந்தோனேசிய மொழி, மொழிபெயர்த்தவரோ மலாயில் பேசினார். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் இங்கே பிறந்தவர்களின் தமிழும் ஒன்றுதான் என்று நினைத்து எத்தனை முறை வேகமாகப் போயிருக்கிறேனோ.

விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறாமல் இருக்கலாமா?

இருக்கலாம். அரசுத் தரப்பு முடித்ததும் நீதிபதி முதலில் ஒரு குறைந்தபட்சப் பரிசோதனை செய்வார்: இந்தச் சாட்சியத்தை அப்படியே ஏற்றால் குற்றத்தின் ஒவ்வொரு அங்கமும் நிரம்புகிறதா, நம்பவே முடியாததாக எதுவும் இருக்கிறதா என்று. நிரம்பவில்லை என்றால் அங்கேயே விடுதலை. நிரம்பினால் "உங்கள் தற்காப்பைச் சொல்லுங்கள்" என்பார். அப்போது பேசுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பேசாவிட்டால் அதிலிருந்து நீதிபதி உங்களுக்குப் பாதகமான முடிவுக்கு வரவும் சட்டம் இடம் தருகிறது. தற்காப்பைக் கேட்டார்கள் என்றாலே தோற்றுவிட்டோம் என்று சிலர் அழுவார்கள். அப்படி இல்லை, இறுதியில் அளவுகோல் அதேதான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால்?

அப்போது நிரூபணமே தேவையில்லை. அரசுத் தரப்பு எழுதிய சம்பவ விவரத்தை எந்த மாற்றமும் இல்லாமல் ஏற்க வேண்டும். "செய்தேன், ஆனால் தெரியாமல் செய்தேன்" என்று இடையில் சொன்னால் நீதிபதி ஒப்புதலை நிராகரித்து விசாரணைக்கு அனுப்புவார்.

என் மகனுக்கு 14 வயது. இளையர் நீதிமன்றம் என்பதால் கொஞ்சம் ஆதாரம் இருந்தாலே போதும் என்கிறார்களே?

தவறு. மகன் மறுத்தால், பெரியவர்களுக்கு உள்ள அதே அளவுக்கு அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. இளையர் நீதிமன்றத்தில் எல்லாமே மென்மையாக இருக்கும். அது குடும்ப நீதிமன்றங்களின் குடைக்குள் இருக்கிறது. 16 வயது நிரம்பாதவர் மீதான குற்ற வழக்குகள் அங்கே போகும் (உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய கடும் குற்றங்களும், பெரியவரோடு சேர்த்துச் சாட்டப்பட்ட வழக்குகளும் தவிர). பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, பெயரோ படமோ வெளியிடக் கூடாது. குற்றச்சாட்டை எளிய சொற்களில் விளக்க வேண்டும், வழக்கறிஞர் இல்லாத பிள்ளைக்குப் பெற்றோர் தற்காப்பில் துணை செய்யலாம். "குற்றத் தீர்ப்பு", "தண்டனை" என்ற சொற்களையே சிறுவர் இளையர் சட்டம் அங்கே தடுக்கிறது. இத்தனை மென்மையைப் பார்த்து நிரூபணமும் மென்மை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதே குழப்பம் சட்டமாகவே இருந்தது. நியூயார்க்கில் 12 வயதுப் பையன் ஒருவன் லாக்கரிலிருந்த பணப்பையில் 112 டாலர் எடுத்தான் என்று வழக்கு. அங்கே சிறுவர் வழக்குக்குத் தராசு கொஞ்சம் தாழ்ந்தால் போதும் என்று இருந்தது. நியாயமான சந்தேகத்தைத் தாண்டிய நிரூபணம் இல்லை என்று அந்த நீதிபதியே ஒப்புக்கொண்டார், ஆனாலும் பையனைப் பல ஆண்டு அடைத்துவைக்க வழி இருந்தது. பிள்ளையின் நன்மைக்காகத்தான் என்றது மாநிலம். 1970ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பூட்டி வைப்பதற்கு எந்தப் பெயர் கொடுத்தாலும் அது பூட்டிவைப்பதுதான் என்ற நோக்கில், பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் அளவே பொருந்தும் என்றது. நம் ஊருக்கு அது கட்டுப்பாடு இல்லை, ஆனால் காரணம் இங்கேயும் அப்படியே பொருந்தும்: சிறுவர் இல்லத்துக்கு அனுப்பும் உத்தரவு மூன்று ஆண்டு வரை நீளலாம்.

செய்தது நிரூபணமான பிறகு காற்று மாறும். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை, பள்ளியின் அறிக்கை, வீட்டு நிலவரம் எல்லாம் வரும், ஆலோசகர்கள் இருவர் நீதிபதியோடு அமர்வார்கள். அங்கே கேள்வி "செய்தானா" என்பது இல்லை, "இனி இவனை என்ன செய்வது". அந்தக் கட்டத்தில் பெற்றோர் எழுந்து "என் பிள்ளை செய்யவே இல்லைங்க" என்று மீண்டும் தொடங்கினால், கேட்பவர்களுக்குப் பிள்ளை இன்னும் உணரவில்லை என்றுதான் படும். மறுப்பதை மறுக்க வேண்டிய நாளில் மறுங்கள்.

எத்தனை வயதுப் பிள்ளை மேல் வழக்குப் போடலாம்?

முன்பு 7 வயது. 2019ன் சட்டத் திருத்தம் 10 ஆக்கியது. 10க்கும் 12க்கும் இடையில் இருந்தால், செய்ததன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்ததா என்ற கேள்வியும் சேரும்.

பையனைப் போலீஸ் விசாரிக்கும்போது நான் கூட உட்காரலாமா?

பொதுவாக இல்லை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால், பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். அவர் பெற்றோராக இருக்க மாட்டார், வழக்கறிஞரும் இல்லை. பிள்ளைக்குப் புரிகிறதா, பதறுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை உண்மையைச் சொல்லக் கூச்சப்படும் என்பது அதிகாரிகள் தரப்பு வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றாலும், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது ஆறுதல் தராது.

மகளைப் 'பாதுகாப்பும் பராமரிப்பும்' என்ற வழக்கில் கொண்டுபோயிருக்கிறார்கள். அதுவும் குற்ற வழக்கா?

இல்லை. அங்கே பிள்ளை மேல் குற்றச்சாட்டே இல்லை, பிள்ளைக்குத் தீங்கு வராமல் பார்ப்பதுதான் நோக்கம். 18 வயது நிரம்பாதவர்களுக்கு இது பொருந்தும், நிரூபண அளவு சிவில் தராசுதான். குடும்ப வன்முறைக்கான பாதுகாப்பு ஆணையும் அப்படியே. அந்த ஆணையை மீறினால் அது குற்றம், அப்போது அளவு மறுபடியும் ஏறிவிடும்.

கடும் எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டார்கள். நான் குற்றவாளி என்று அர்த்தமா?

இல்லை. கோர்ட்டில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நீங்கள் செய்தீர்கள் என்பது அதிகாரிகளின் கருத்து, அவ்வளவுதான். சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று உயர் நீதிமன்றம் 2015ல் சொன்னது.

விடுதலையானால் 'நிரபராதி' என்று கோர்ட் சொன்னதாக அர்த்தமா?

ஊர்ப் பத்திரிகைகளில் "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று வரும். அதைப் படிப்பவர் மனதில் பாதி விடுதலை என்ற எண்ணம் உட்கார்ந்துவிடும். இங்கே அப்படிப் பாதி இல்லை. நிரூபிக்கவில்லை என்றால் விடுதலை, நிரபராதி என்ற அனுமானம் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒன்று: 'விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு' என்றும் ஓர் உத்தரவு உண்டு. அது கிடைத்தவர் மேல் அதே வழக்கு திரும்ப வரலாம். கையில் வாங்கிய தாளில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

குற்ற வழக்கில் விடுதலையானவர்மீது நட்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு வரலாம், அளவு குறைவு என்பதால் அங்கே தோற்கவும் கூடும். மறுபக்கம், உங்களுக்கு நேர்ந்ததற்கு இழப்பீடு கேட்டால் அரசுத் தரப்பு வழக்கு அற்பமானது, தொல்லை தருவதற்காகப் போட்டது என்று காட்ட வேண்டும். காட்டினாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி அதிகபட்சம் 10,000 வெள்ளி. மேலே சொன்ன பணிப்பெண்ணும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை, சொல்லிவிட்டேன்.

விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யுமா?

செய்யலாம். இரு தரப்புக்கும் 14 நாள். பையை இறக்கிவைக்கும் முன் நாளை எண்ணுங்கள்.

வழக்கறிஞர் வைக்கக் காசில்லை. என்ன செய்வது?

மரண தண்டனை வரக்கூடிய வழக்கு என்றால் நாடு, வருமானம் எதையும் பார்க்காமல் நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்தும். மற்ற குற்ற வழக்குகளில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் திறந்த பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆஃபிஸில் (குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அரசு அலுவலகம்) விண்ணப்பிக்கலாம், வருமானச் சோதனை உண்டு. புரோ போனோ எஸ்ஜி என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பு நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் தப்பாகச் சொல்கிறார் என்று தோன்றினால்?

உடனே கையைத் தூக்குங்கள். நீதிபதியிடமே சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்று மாலை வழக்கறிஞரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் பத்துக் கேள்வி தாண்டியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே நடந்தது. அடிதடி வழக்கு. அடித்தவர் இவர்தான் என்பதில் உங்களுக்கு ஐயம் ஏதும் இருந்ததா என்று வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் அவசரத்தில் "இவர்தான் என்று சந்தேகப்பட்டீர்களா?" என்றேன். சாட்சி சொன்ன முதியவர் "ஆமாங்க" என்றார். நானும் "ஆமாம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டேன், தற்காப்பு வழக்கறிஞர் முகம் மலர்ந்துவிட்டது. முதியவர் மட்டும் என்னையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு உறைத்தது. நீதிபதியிடம் சொல்லி, கேள்வியைத் திருப்பிக் கேட்க அனுமதி வாங்கினேன்.

"இல்லைங்க, அவரேதான். என்ன சந்தேகம் இதுல?" என்றார் பெரியவர்.